‘மென்திறன்’ என்று ஒதுக்கிய பாடம்

விழித்திரையைப் படம் பிடித்துக் கொடுத்தால் போதும், சர்க்கரை நோய் கண்ணைப் பாதிக்கத் தொடங்கிவிட்டதா என்று செயற்கை நுண்ணறிவு சொல்லிவிடும். கண் மருத்துவர்களுக்கு ஈடாக அதைச் செய்யும் மென்பொருளை 2016-ல் கூகுள் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அதைப் பழக்கப் பயன்பட்டவை 1,28,175 படங்கள். மதுரை அரவிந்த் உள்ளிட்ட இந்திய மருத்துவமனைகளின் படங்களும் அவற்றில் உண்டு.

பிறகு அந்த மென்பொருள் தாய்லாந்தின் 11 கிளினிக்குகளுக்குப் போனது. அங்கே என்ன நடந்தது என்பதை 2020-ல் கூகுள் ஆய்வாளர்களே எழுதினார்கள். முதல் ஆறு மாதங்களில் கொடுக்கப்பட்ட 1,838 படங்களில் 21 சதவீதத்தைத் தெளிவில்லை என்று மென்பொருள் தள்ளிவிட்டது. காரணம் சாதாரணமானது. படமெடுக்க அறை இருட்டாக இருக்க வேண்டும்; பல கிளினிக்குகளில் அப்படி ஓர் அறையே கிடையாது. படம் தள்ளுபடியானால் நோயாளி இன்னொரு நாள் வேலையை விட்டு, தொலைவிலுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். இதற்கெல்லாம் வழி தேடியவர்கள் நர்ஸுகள். வீண் அலைச்சல் ஆகிவிடுமே என்று நோயாளிகளை எச்சரித்தவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

அந்தக் கரிசனம் எந்தப் பாடத்திட்டத்தில் இருக்கிறது?

நம் ஊரில் இதற்கு ‘மென்திறன்’ என்று பெயர். பல கல்லூரிகளில் கேம்பஸ் இன்டர்வியூ நெருங்கும்போது இரண்டு நாள் வகுப்பு நடக்கும்; ரெஸ்யூமே எழுதுவது, ஆங்கிலத்தில் அறிமுகம் செய்துகொள்வது என்பதோடு முடிந்துவிடும். ரெஸ்யூமேவைச் சாட்ஜிபிடி எழுதிக் கொடுத்துவிடும். எதிரில் இருப்பவர் தயங்குவது பயத்தாலா, பணத்தாலா என்று கண்டுகொள்ளச் சொல்லித் தருவதற்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும்.

செய்து காட்டிய இடம் மதுரையிலேயே இருக்கிறது. 1976-ல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் மருத்துவமனை, கிராமத்துப் பெண்களைப் பிளஸ் டூ முடித்ததும் சேர்த்து இரண்டாண்டு பயிற்சி தருகிறது. கண் பரிசோதனைக்கும் ஆபரேஷன் தியேட்டருக்கும் ஆள் பழக்குவதைப் போலவே, நோயாளியிடம் பேசும் கவுன்சிலிங் வேலைக்கும் தனியாகப் பழக்குகிறார்கள்.

அந்த வேலை லேசானதில்லை. சர்க்கரை நோயால் விழித்திரை கெடும்போது தொடக்கத்தில் வலி இருக்காது. பார்வையும் தெளிவாகவே இருக்கும். “எனக்குத்தான் நல்லாத் தெரியுதே தாயி, எதுக்கு லேசரு?” என்று ஒரு பாட்டி கேட்டால், அவருக்குப் புரியும் பேச்சில் பதில் சொல்ல வேண்டும். வீட்டில் முடிவெடுப்பவர் யார் என்று விசாரிக்க வேண்டும். அழைத்துவர மகனுக்கு எந்தக் கிழமை தோதுப்படும் என்பதுவரை கேட்டு, அதற்கேற்ப அடுத்த தேதியைக் குறித்துக் கையில் கொடுக்க வேண்டும்.