ஐந்து ரதம்... ஐந்து டிசைன்!

ஞாயிற்றுக்கிழமை ஆனால் பைக்கை எடுத்துக்கொண்டு இ.சி.ஆரில் மாமல்லபுரத்துக்குப் பறக்கிற ஆசாமியா நீங்கள்? அப்படியானால் ஐந்து ரதங்களுக்கு முன்னால் நின்று நிச்சயம் போட்டோ எடுத்திருப்பீர்கள். ஒரு விஷயம் கவனித்தீர்களோ? ஐந்தும் ஐந்து டிசைன்! திரௌபதி ரதம் அசல் கூரைக் குடிசை மாதிரி. பீம ரதம் கூண்டு வண்டி போல நீளம். சகாதேவ ரதத்தின் பின்பக்கம் யானையின் பின்புறம் மாதிரி வளைந்திருக்கும். கல்லில் செதுக்கிய பல்லவனுக்கே 'ஆளுக்குத் தகுந்தாற்போல் வீடு' என்று தோன்றியிருக்கிறது. நம் சர்க்கார் ஃபைல்களுக்குத்தான் அது லேசில் தோன்றுவதில்லை!

ரதங்களிலிருந்து கொஞ்ச தூரத்தில் பூஞ்சேரி. நரிக்குறவர்களும் இருளர்களும் வசிக்கிற இடம். 2021 அக்டோபரில், மாமல்லபுரம் கோயில் அன்னதானப் பந்தியில் தன்னை உட்காரவிடவில்லை என்று ஒரு நரிக்குறவப் பெண் கொதித்துப் பேசிய வீடியோ தமிழ்நாடு முழுக்கச் சுற்றியது. அமைச்சர் சேகர்பாபு வந்து, அதே கோயிலில் அவரோடு உட்கார்ந்து சாப்பிட்டார். நவம்பர் 4, தீபாவளியன்று முதல்வர் ஸ்டாலினே பூஞ்சேரிக்கு வந்தார். 282 பேருக்கு 4.53 கோடி ரூபாய் மதிப்பில் உதவிகள். வீட்டுமனைப் பட்டா, சாதிச் சான்றிதழ், ரேஷன் கார்டு என்று, நகராமல் கிடந்த காகிதங்கள் எல்லாம் சில நாட்களில் நகர்ந்தன.

சந்தோஷம்தான். ஆனால், ஒரு பட்டாவுக்கு முதல்வரே வரவேண்டியிருந்தது ஏன்? எல்லா ஊருக்கும் அவர் தீபாவளிக்கு வர முடியுமா என்ன?

கோட்டுக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம்

பணம் இல்லாமல் இல்லை. அது வருகிறபோதே முதுகில் விதிமுறையைச் சுமந்துகொண்டு வருகிறது.

வீடில்லாதவர்கள் இரவில் தங்க, ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு ஒரு காப்பகம் என்பது 2010-லிருந்து சுப்ரீம் கோர்ட் சொல்லிவரும் அளவுகோல். 2011 கணக்கெடுப்பில் மாமல்லபுரத்தின் ஜனத்தொகை சுமார் 15,000. கணக்குப் போட்டால் ஒரு சுவரும் அரை ஜன்னலும்தான் தேறும்! பிழைக்க வந்து கடைவாசலில் படுக்கிறவர்கள் சென்ஸஸில் எந்த ஊர்க்காரர்களோ, யார் கண்டது?

2024-ல் வந்த 'கலைஞர் கனவு இல்லம்' ஒரு வீட்டுக்கு மூன்றரை லட்சம் தருகிறது. ஆனால் அது கிராமத்துக்கு. நகர எல்லைக்குள் இருந்தால் வேறு திட்டம், வேறு தொகை. அதே மாதிரி, 2023-ல் தொடங்கிய பழங்குடியினருக்கான 'பி.எம். ஜன்மன்' வீடு இருளருக்கு உண்டு. நரிக்குறவருக்கு இல்லை. அவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் சட்டம் 2022 டிசம்பரில்தான் பார்லிமென்ட்டில் நிறைவேறியது. ஜன்மன் பட்டியலோ இன்னும் குறுகலானது. ஆக, பக்கத்துப் பக்கத்துக் குடிசை, ஒரே மழை, ஒரே ஒழுகல்... ஃபைல் மட்டும் வேறு வேறு!

நம் ஆபீஸில் நடக்காததா? 'ஸ்டேஷனரி' தலைப்பில் பணம் கிடக்கும். ஃபேன் ரிப்பேருக்குச் சல்லிக்காசு இருக்காது. மார்ச் 31-க்குள் செலவழித்தாக வேண்டுமே என்று பத்து வருஷத்துக்கான குண்டூசியை வாங்கி அடுக்குவோம். வியர்வை மட்டும் நிற்காது!

சேட்டன்கள் செய்தது

கேரளாவில் 1996-ல் 'மக்கள் திட்டம்' என்று ஒன்று ஆரம்பித்தார்கள். மாநிலத் திட்டப் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் உள்ளாட்சிகளிடம் கொடுத்து, 'உங்கள் ஊருக்கு எது தேவையோ நீங்களே திட்டம் போடுங்கள்' என்றார்கள். அந்தப் பழக்கம் 2021-ல் கைகொடுத்தது. பரம ஏழைக் குடும்பங்களை உள்ளாட்சிகள் மூலமாகவே தேடி, 64,006 குடும்பங்களைக் கண்டுபிடித்தார்கள். குடும்பத்துக்கு ஒரு தனித் திட்டம்! ஒருவருக்கு வீடு, இன்னொருவருக்கு மருந்து, மற்றவருக்கு வெறும் ரேஷன் கார்டு. 2025 நவம்பர் 1-ல் 'பரம ஏழ்மை ஒழிந்தது' என்று அறிவித்தார்கள். கணக்கு சரியா என்று பொருளாதார நிபுணர்கள் சிலர் சண்டைக்கு வந்ததும் உண்டு. அது இருக்கட்டும். வீட்டுக்குப் போய் 'உனக்கு என்னம்மா வேணும்?' என்று கேட்டார்களே, அது பெரிய விஷயம் இல்லையா?

நம்மூரிலும் துளி இடம் விட்டிருக்கிறார்கள். கனவு இல்லத்தின் 360 சதுர அடியில் 300-க்கு கான்கிரீட் தளம். மீதி 60-க்குத் தீப்பிடிக்காத வேறு கூரை, வீட்டுக்காரர் இஷ்டம். அறுபது சதுர அடி சுதந்திரம்!

"கவுன்சிலர் கையில குடுத்தா..."

"ஏம்ப்பா, பணத்தை அப்படியே கவுன்சிலர் கையில குடுத்தா என்ன ஆகும்னு தெரியாதா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான பயம். அதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. ஊர் கூடி, 'அவங்களுக்கு வீடு கட்டுங்க, வேணாங்கலை... நம்ம தெருப்பக்கம் மட்டும் வேணாம்' என்று தீர்மானம் போட்டுவிட்டால்? பந்தியில் இடமில்லை என்றது டெல்லியா? உள்ளூர்தானே!

எனவே, 'யாரையும் விட்டுவிடக் கூடாது' என்கிற விதியை மேலே இருப்பவர்கள் இறுக்கிப் பிடிக்கட்டும். எந்த இடத்தில், என்ன மாதிரி, எதற்கு முதலில் என்பதை ஊரும், முக்கியமாக அந்த வீட்டில் குடியேறப் போகிறவர்களும் சொல்லட்டும். பாசிமணி விற்கிறவருக்கு ஊர்க்கோடியில் வீடு கொடுத்தால், பஸ் சார்ஜுக்கே வியாபாரம் சரியாகிவிடும். இதைக் கண்டுபிடிக்க எந்த ஐ.ஏ.எஸ். கமிட்டியும் வேண்டாம், அவரைக் கேட்டாலே போதும்.

கணக்கு? வருஷத்துக்கு ஆறு முறை கிராம சபை நடக்கிறது. 2022 நவம்பர் 1 முதல் நகரங்களிலும் பகுதி சபை வந்தாயிற்று. மாமல்லபுரமும் 2024-ல் நகராட்சி ஆகிவிட்டது. வந்த பணம் எவ்வளவு, யாருக்குப் போனது என்று அங்கே சத்தமாகப் படித்துவிட்டால் பாதித் திருட்டு நின்றுவிடும்.

மீதிப் பாதிக்கு நீங்கள் வேண்டும். உங்கள் வார்டில் அடுத்த சபை என்றைக்கு என்று விசாரித்து, லீவு நாளில் ஒரு மணி நேரம் போய் உட்காருங்கள். எழுந்து நின்று, "நம்ம வார்டுல வீடில்லாதவங்க எத்தனை பேர் சார்?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். டீ, பிஸ்கட் கிடைக்குமோ என்னவோ... பதில் கிடைக்கிறவரை உட்காருங்கள்!