சிறு விமானங்களும் செய்மதிகளின் துணையும்

சிறிய விமானமொன்று விபத்துக்குள்ளாகும்போது அதிலிருப்போரின் உயிரைத் தீர்மானிப்பது மோதலின் வேகம் மட்டுமன்று. அது விழுந்த இடம் எவ்வளவு விரைவாகக் கண்டறியப்படுகின்றது என்பதும் அதைத் தீர்மானிக்கின்றது.

1972 ஒக்டோபரில் அமெரிக்க காங்கிரஸ் உறுப்பினர்களான ஹேல் பொக்ஸ், நிக் பெகிச் ஆகியோர் பயணித்த சிறு விமானம் அலாஸ்காவில் காணாமற்போனது. 39 நாட்கள் தேடியும் பயனில்லை. இன்றுவரை அதன் சுவடே கிட்டவில்லை. இத்தகைய இழப்புகளே ஆபத்துச் சமிக்ஞைகளைச் செய்மதி மூலம் கண்டறியும் முயற்சிக்கு வித்திட்டன. பனிப்போர்க் காலமாக இருந்தபோதிலும் அமெரிக்காவும் சோவியத் யூனியனும் கனடா, பிரான்ஸ் ஆகிய நாடுகளுடன் இணைந்து 'கொஸ்பாஸ்-சார்சற்' திட்டத்தை உருவாக்கின. 1982 செப்டெம்பரில் கனடாவில் வீழ்ந்த சிறு விமானத்திலிருந்து மூவர் மீட்கப்பட்டமை அதன் முதல் வெற்றியாகும்.

பழைய 121.5 மெகாஹேர்ட்ஸ் கருவிகள் ஆபத்து என்று மட்டுமே அறிவித்தன. ஆபத்து யாருக்கு என்பதை அறிவிக்கவில்லை. போலி எச்சரிக்கைகள் மலிந்ததால், 2009 பெப்ரவரி முதலாம் திகதியுடன் செய்மதிகள் அந்த அலைவரிசையைச் செவிமடுப்பது நிறுத்தப்பட்டது. இன்றைய 406 மெகாஹேர்ட்ஸ் கருவி தனக்குரிய அடையாள இலக்கத்தையும் சேர்த்தே அனுப்புகின்றது. அவ்விலக்கம் முறையாகப் பதியப்பட்டிருப்பின், மீட்பு நிலையம் உரிமையாளரின் வீட்டைத் தொலைபேசியில் அழைத்து உண்மையை நிமிடங்களில் அறிந்துகொள்ளலாம்.

எனினும், விழுந்த பின்னரே குரலெழுப்பும் கருவி அம்மோதலிலேயே சிதைந்துவிட்டால் என்ன செய்வது? பலூனில் தனியாக உலகைச் சுற்றிய சாதனையாளர் ஸ்டீவ் பொசெட் 2007 செப்டெம்பர் 3 ஆம் திகதி நெவாடாவிலிருந்து தனியே பறந்து மறைந்தார். விமானத்தில் அவசரக் கருவி இருந்தும் சமிக்ஞை எதுவும் கிட்டவில்லை. செல்லும் வழியையும் அவர் முன்கூட்டிப் பதிவு செய்திருக்கவில்லை. ஓராண்டுக்குப் பின்னரே, 2008 ஒக்டோபரில், கலிபோர்னியாவின் மலைப்பகுதியில் சிதைவுகள் கண்டெடுக்கப்பட்டன.

இக்குறையைச் செய்மதித் தடங்காட்டி பெருமளவு ஈடுசெய்கின்றது. பறக்கும்போதே சில நிமிடங்களுக்கு ஒருமுறை விமானத்தின் இருப்பிடத்தை அது அனுப்பிவருவதால், கருவி அழிந்தாலும் இறுதியாகப் பதிவான இடம் எஞ்சியிருக்கும். தேடவேண்டிய பரப்பும் வெகுவாகச் சுருங்கிவிடும்.

ஆகவே இவ்விரண்டில் ஒன்று மற்றொன்றுக்கு மாற்றீடாகாது என்பதே எமது கருத்தாகும். இரண்டையும் பொருத்துவதுடன், கருவியைப் பதிவு செய்வதும், பற்றரியை உரிய காலத்தில் மாற்றுவதும், செல்லும் வழியையும் திரும்பும் நேரத்தையும் ஒருவரிடமேனும் கூறிச் செல்வதும் விமானியின் கடமைகளாகும். எங்கே தேடுவது என்று தெரியாதபோது, மிகச் சிறந்த மீட்புக் குழுவும் கையறு நிலையிலேயே நிற்க நேரிடும்.