காற்றைக் குடித்துப் பறக்கும் எந்திரம்!

2016-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 28-ந் தேதி. ஞாயிற்றுக்கிழமை. காலை 6 மணி.

ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து ஒரு ராக்கெட் சீறிக் கிளம்பியது. அதன் எடை 3 ஆயிரத்து 277 கிலோ. அங்கே இருந்து கிளம்பும் பெரிய ராக்கெட்டுகளோ 300 டன்னுக்கு மேல் கனக்கும். அவற்றைப் பார்க்க இது பொடியன்தான்!

சுமார் 300 விநாடி பறந்தது. 320 கிலோ மீட்டர் தள்ளி, வங்கக் கடலில் விழுந்தது.

ஆனால், அதில் 5 விநாடிகள் இருக்கின்றனவே, அவற்றுக்காகத்தான் விஞ்ஞானிகள் பல ஆண்டுகள் பாடுபட்டார்கள்!

பக்கத்து வீடு

ஸ்ரீஹரிகோட்டா ஆந்திராவில் இருக்கிறது. ஆனாலும் திருவள்ளூர் மாவட்டத்துக்கு அது பக்கத்து வீடு. ரெயிலில் கும்மிடிப்பூண்டியைத் தாண்டிப் போனால் சூலூர்பேட்டை வரும். அங்கே இறங்கித்தான் ராக்கெட் தளத்துக்குப் போக வேண்டும்.

பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் தீவுதான் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் விடும் நாளில், கடலுக்குப் போகாதீர்கள் என்று பழவேற்காட்டு மீனவர்களுக்கு எச்சரிக்கை வரும். படகு கரையில் கிடக்கும். ஒரு நாள் பிழைப்பு போனால் எவ்வளவு கஷ்டம் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

கட்டுச்சோறு எதற்கு?

விறகு அடுப்பை ஊதுகுழலால் ஊதுகிறோம். ஏன்? காற்றில் பிராணவாயு இருக்கிறது. அது இல்லாவிட்டால் நெருப்பு எரியாது.

விண்வெளியில் காற்றே கிடையாது. ஆகவே, ராக்கெட் பிராணவாயுவையும் சுமந்துகொண்டு போகிறது. எரிபொருளும், அதை எரிக்கும் பொருளும் சேர்ந்த சுமையில் 100-க்கு 70 பங்கு, எரிக்கும் பொருள்தான்!

ஆனால், கிளம்பியதும் ராக்கெட் காற்றுக்குள்தானே போகிறது? சுற்றிலும் பிராணவாயு இருக்கும்போது அதை ஏன் சுமக்க வேண்டும்? கல்யாண வீட்டுக்குக் கட்டுச்சோறு கொண்டுபோன கதைதான் இது!

போகிற வழியில் காற்றை எடுத்துக்கொண்டால் சுமை குறையும். செலவும் குறையும்.

சக்கரம் இல்லை

ஆகாய விமானத்தின் ஜெட் எந்திரமும் காற்றைத்தான் குடிக்கிறது. அதில் சுழலும் தகடுகள் காற்றை இழுத்து அமுக்குகின்றன.

ஒலியைவிடப் பல மடங்கு வேகத்தில் பறந்தால் அந்தத் தகடுகளே வேண்டாம். வேகமே காற்றை அமுக்கிவிடும். இப்படி வேலை செய்வது "ராம்ஜெட்" எந்திரம். உள்ளே வரும் காற்றை அது மட்டுப்படுத்தி, பிறகு எரிக்கிறது.

வேகம் ஒலியைப்போல் 5 மடங்கைத் தாண்டினால் தொல்லை. காற்றை மட்டுப்படுத்தினால் அது பயங்கரமாகச் சூடேறிவிடும். எந்திரம் தாங்காது.

அதனால்தான் "ஸ்க்ராம்ஜெட்" வந்தது. இதில் காற்று ஒலியைவிட வேகமாகவே எந்திரத்துக்குள் பாய்ந்து ஓடும். அந்த ஓட்டத்திலேயே எரிபொருள் கலக்க வேண்டும், பற்ற வேண்டும், எரிய வேண்டும். இதற்குக் கிடைக்கும் நேரம், ஒரு விநாடியை ஆயிரம் கூறு போட்டால் ஏதோ ஒன்றிரண்டு கூறு!

புயல் அடிக்கும்போது மொட்டை மாடியில் கார்த்திகை விளக்கு ஏற்றிப் பாருங்கள். விஞ்ஞானிகளின் பாடு புரியும்.

அணையவில்லை!

அன்று காலை அந்தச் சுடர் அணையவில்லை. ராக்கெட்டில் பொருத்திய 2 ஸ்க்ராம்ஜெட் எந்திரங்களும் ஹைட்ரஜனை, வெளிக்காற்றைக் கொண்டே எரித்தன. ஒலியைப்போல் 6 மடங்கு வேகம்! சென்னை சென்டிரலில் இருந்து கும்மிடிப்பூண்டிக்கு மின்சார ரெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இந்த வேகத்தில் அரை நிமிடம்!

இச்சோதனையைச் செய்த 4-வது நாடு இந்தியா என்று இஸ்ரோ அறிவித்தது. அமெரிக்காவின் "எக்ஸ்-43ஏ" விமானம் 2004-ம் ஆண்டிலேயே ஏறக்குறைய 10 மடங்கு வேகத்தை எட்டியிருந்தது.

ஒரு குறையும் உண்டு. ஸ்க்ராம்ஜெட் நின்ற இடத்தில் இருந்து கிளம்பாது. வேறொரு ராக்கெட் அதை வேகமாகத் தூக்கிப்போய் விட வேண்டும். இன்னும் மேலே, காற்று இல்லாத இடத்திலும் வேலை செய்யாது.

ஏவுகணைக்கும் இதே எந்திரம் பயன்படும். ஆகவே ராணுவ ஆராய்ச்சித் துறையும் விடவில்லை. 2020-ம் ஆண்டு செப்டம்பர் 7-ந் தேதி ஒடிசா கடற்கரையில் இருந்து அது விட்ட கலத்தில், எந்திரம் 20 விநாடிக்கு மேல் எரிந்தது. 2024-ம் ஆண்டு ஜூலை 22-ந் தேதி இஸ்ரோ 2-வது தடவையாகப் பறக்கவிட்டுச் சோதித்தது. 2025-ம் ஆண்டு ஏப்ரல் மாதம், ஐதராபாத்தில் தரையில் நடந்த சோதனையில், சிறிய அளவில் செய்த எந்திரம் ஆயிரம் விநாடிக்கு மேல் விடாமல் எரிந்தது.