ஒரு வீட்டிற்கு எத்தனை கால்நடைகள்?

புதுச்சேரி நகரின் கடைவீதிகளில் வாழையிலையையும் காகிதத்தையும் தேடித் தின்னும் மாடுகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இவற்றுள் பல, காலையும் மாலையும் பால் கறந்துவிட்டு இடைநேரத்தில் அவிழ்த்து விடப்படுபவையே. முதலியார்பேட்டை, இரெட்டியார்பாளையம் போன்ற பகுதிகளில் வயல்கள் வீட்டுமனைகளாகிவிட்டன. மேய்ச்சல் நிலம் போன பின்னும் முன்போலவே மூன்று, நான்கு மாடுகள் வைத்திருக்கும் வீடுகள் உண்டு. தெருவில் தின்னும் பாலித்தீன் பை மாட்டின் வயிற்றில் செரிக்காமல் தங்கிவிடுகிறது. தீவனத்தில் மிச்சம் பிடித்த பணம் அறுவை சிகிச்சைக்குப் போகிறது. சில வேளை மாடே போய்விடுகிறது.

அப்படியானால் ஒரு வீட்டில் எத்தனை உருப்படிகளை வளர்க்கலாம்?

கோடையே அளவுகோல்

ஐப்பசி, கார்த்திகையில் வரப்பெல்லாம் புல் இருக்கும். அப்போது நான்கு மாடுகளும் பாரமாகத் தெரியா. சித்திரை, வைகாசியில் எத்தனை மாடுகளுக்கு வயிறு நிறையத் தீவனமும் தண்ணீரும் தர முடியுமோ, அதுவே உங்கள் வீட்டிற்கு உரிய எண்ணிக்கை.

தீவனக் கணக்கு

கறவை மாடு ஒன்றுக்கு நாளொன்றுக்குச் சுமார் 25 கிலோ பசுந்தீவனமும் 5 கிலோ வைக்கோலும் தேவை. கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லை இறவையில் நன்கு பராமரித்தால், வெட்டுக்கு வெட்டு ஏற்ற இறக்கம் இருந்தாலும், 10 சென்டு நிலம் ஒரு மாட்டிற்குப் போதும். ஓர் ஏக்கர் நெல்லில் ஒரு போகத்திற்குச் சுமார் 2 டன் வைக்கோல் கிடைக்கும். ஒரு மாட்டிற்கு ஆண்டு முழுவதற்கும் வேண்டியது ஏறக்குறைய இதே அளவுதான். எந்திர அறுவடைக்குப் பின் வைக்கோலைக் கட்டாமல் வயலிலேயே விட்டுவிட்டால் இந்தக் கணக்கு பொய்த்துவிடும்.

ஆகவே ஒரு போகம் நெல்லும் 10 சென்டு புல்லும் உள்ள ஓர் ஏக்கர்காரருக்கு ஒரு கறவை மாடே பொருந்தும். இரு போகம் விளைந்து, புல்லுக்கு 20 சென்டு ஒதுக்க முடிந்தால் இரண்டு வைத்துக்கொள்ளலாம். நிலமே இல்லாத நகர வீட்டில் தீவனம் முழுவதையும் விலைக்கு வாங்க வேண்டியிருப்பதால், பால் வருமானத்தில் அந்தச் செலவைக் கழித்துப் பார்த்த பிறகே மாடு வாங்குங்கள்.

கன்றையும் கணக்கில் சேர்க்க மறக்க வேண்டாம். இரண்டு பசுக்கள் ஈன்றால் கொட்டிலில் நான்கு வாய்கள். கிடேரி கன்று ஈன்று பால் தர இரண்டரை, மூன்று ஆண்டுகள் ஆகும். அதுவரை அதற்குச் செலவுதான்.

இடமும் ஆளும்

மாடு ஒன்றுக்குக் கூரையின்கீழ் 3.5 சதுர மீட்டர் இடமாவது வேண்டும். கோடையில் கறவை மாட்டிற்கு நாளொன்றுக்கு 60 முதல் 80 லிட்டர் குடிநீர் தேவைப்படும். இவற்றைவிட முக்கியமானது ஆள். வீட்டில் கறப்பவர் நோயில் படுத்தால் கறக்க இன்னொருவர் உண்டா? இல்லையென்றால் இரண்டாவது மாடு வேண்டாம்.

ஆறு மாதத்திற்கு ஒருமுறை கோமாரித் தடுப்பூசி போட வேண்டும். நோய் கண்டால் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தையோ குரும்பாபேட்டில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையோ அணுகலாம். கோழிகளும் இப்படியே: வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசியும் இரவில் அடைக்கக் கூண்டும் உள்ள அளவுக்கு மட்டும் வளர்க்க வேண்டும்.

நாய் வளர்ப்போருக்கு

காவலுக்கு ஒரு நாய் போதும். பெட்டை நாய் இரண்டு மாதச் சினையில் ஈற்றுக்கு ஐந்து, ஆறு குட்டிகள் போடும். அவற்றைச் சந்தை முனையில் விட்டுவிடுவது ஊர் முழுவதற்கும் தொல்லை. குட்டிகளுக்கோ பட்டினிச் சாவு. கருத்தடை அறுவை செய்துவிட்டால் இந்தச் சிக்கல் இல்லை. குட்டிக்கு மூன்று மாதத்திலும் பின்னர் ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி போடுங்கள். வெறிநோய் அறிகுறி தோன்றிய மனிதரைக் காப்பாற்றுவது ஏறக்குறைய இயலாத செயல்.

சட்டமும் இதையே சொல்கிறது

வளர்க்கும் பிராணிக்குப் போதிய உணவு, நீர், இருப்பிடம் தராமல் விடுவதும், தக்க காரணமின்றிக் கைவிடுவதும் 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும்.

வரும் தை மாதத்தில் வைக்கோல் போர் போடும்போது, எத்தனை மாடுகளுக்கு அது அடுத்த அறுவடை வரை வரும் என்று கணக்கிடுங்கள். கூடுதலாக உள்ளவற்றைத் தீவன வசதி உள்ளவரிடம் கோடைக்கு முன்பே, உடல் தளராமல் இருக்கும்போதே விற்றுவிடுவது நல்லது. வயிறு நிறைந்த ஒரு மாடு, அரைவயிற்று மாடுகள் இரண்டைக் காட்டிலும் வீட்டிற்கு ஆதாயம் தரும்.