யானை வேட்டைக்காரரின் கல்லறை

நுவரெலியாவுக்குச் சுற்றுலாச் செல்வோர் ஏரியையும் பூங்காவையும் கண்டு களித்துத் திரும்புவர். கொல்ப் மைதானத்தை அடுத்துள்ள பழைய மயானத்தை எட்டிப் பார்ப்போர் மிகச் சிலரே. அங்கேதான் மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ் துயில்கின்றார். அவரது கல்லறைக் கல் பிளவுண்டு கிடக்கின்றது.

யார் இந்த ரொஜர்ஸ்? இலங்கை ரைபிள் படையில் அதிகாரியாக இருந்து, பதுளையில் உதவி அரசாங்க அதிபராகவும் நீதிபதியாகவும் கடமையாற்றியவர். எனினும் அவர் பெயரை இன்றுவரை நிலைக்கச் செய்தது அவரது துவக்கே. அவர் சுட்டு வீழ்த்திய யானைகள் 1400க்கு மேற்பட்டவை என்பர்.

அக்காலத்தில் இது குற்றமாகக் கருதப்படவில்லை. பயிரை அழிக்கும் பிராணியென்று யானையைக் கொல்வோருக்கு அரசாங்கமே வெகுமதி அளித்தது. 1848ஆம் ஆண்டுக்கு முந்திய மூன்று ஆண்டுகளுக்குள், வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மாத்திரம் 3500க்கு மேற்பட்ட யானைகள் கொல்லப்பட்டன. அச்செய்தியை எழுதி வைத்தவர் குடியேற்றநாட்டுச் செயலாளராயிருந்த எமேர்சன் தெனன்ற் ஆவார்.

1845ஆம் ஆண்டு ஜூன் 7ஆந் திகதி. அப்புத்தளை வாடிவீட்டில் ரொஜர்ஸ் தங்கியிருந்தபோது இடியுடன் பெருமழை பெய்தது. மழை ஓய்ந்ததோவெனப் பார்க்கத் தாழ்வாரத்துக்கு வந்தவரை மின்னல் தாக்கியது என்பர். அப்போது அவருக்கு வயது 41. ஓராயிரம் யானைகளின் முன் அஞ்சாது நின்றவர் ஒரு நொடியில் மாண்டார். பின்னர் அவருடைய கல்லறையையும் மின்னல் தாக்கிப் பிளந்தது என்று கூறுவர். யானைகளின் சாபமே இதுவென்று ஊரார் நம்பினர்.

ஆனால், பதுளை மக்கள் அவரைச் சபிக்கவில்லை. பல்வேறு வகுப்பினரும் பொருளுதவி செய்து, அவர் நினைவாகப் பரிசுத்த மாற்கு தேவாலயத்தை எழுப்பினர். அங்குள்ள நினைவுக்கல் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. வேடராகக் கொடியவராயிருந்த ஒருவர், அதிகாரியாக மக்களின் அன்புக்கு உரியவராகவும் இருந்திருக்கின்றார்.

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இலங்கைக் காடுகளில் 5879 யானைகளே காணப்பட்டன. அத்தொகையில் ஏறக்குறைய நாலிலொரு பங்கிற்குச் சமமானவற்றைத் தனியொரு மனிதரே கொன்றார் என்பதை எண்ணும்போது நெஞ்சம் நடுங்குகின்றது.

மாணவர்களே, நுவரெலியா செல்லும்போது அந்தக் கல்லின் அருகே சற்று நின்று வாருங்கள். அங்கு புதைந்திருப்பவருக்கு ஒரு கல்லாவது உண்டு. அவர் வீழ்த்திய யானைகளுக்கு அதுவும் இல்லை.