ஏற்காட்டில் ஓய்வு: எந்தப் பாஸ்போர்ட்டுக்கு எத்தனை நாள்?

"ரிட்டயர் ஆனதும் ஏற்காட்டுக்கு வந்துடறோம்மா. ஒரு சின்ன வீடு, சுத்தி நாலு காப்பிச் செடி, அது போதும்!"

அமெரிக்காவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ மகள் போனில் இப்படிச் சொன்னால் சேலத்து அம்மாவுக்கு மனசு குளிர்ந்துவிடும். "வா கண்ணு, வா!" என்று சொல்லி, மறுநாளே தெரிந்தவர்களிடம் நிலம் விசாரிக்க ஆரம்பித்துவிடுவாள். மலையில் குளிரும் மிளகுக்கொடியும் ஏரிப்பக்கத்து நடையும் நினைத்தாலே இனிக்கிற விஷயங்கள்தான். ஆனால் நிலம் விசாரிக்கிறதுக்கு முன்னாலே மகளிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: "உன் பாஸ்போர்ட் எந்த ஊர்ப் பாஸ்போர்ட், கண்ணு?"

தாய்லாந்தில் ஐம்பது வயது நிரம்பியவர்களுக்கென்றே ஓய்வுகால விசா ஒன்று உண்டு. பாங்கில் 8 லட்சம் பாட் இருப்புக் காட்ட வேண்டும், அல்லது மாதம் 65,000 பாட் வருமானம் இருக்க வேண்டும். தொடர்ந்து அங்கேயே இருந்தால் 90 நாளைக்கு ஒருமுறை, எங்கே குடியிருக்கிறோம் என்று தெரிவிக்கவும் வேண்டும். இங்கிலாந்திலும் வசதியுள்ள ஓய்வு பெற்றவர்களுக்கு அப்படி ஒரு பிரிவு இருந்தது, 2008-ல் மூடிவிட்டார்கள். நம் இந்தியாவில் 'ஓய்வுகால விசா' என்று ஒன்று கிடையவே கிடையாது. வயதைக் காட்டியோ, பாங்கு இருப்பைக் காட்டியோ இங்கே தங்க முடியாது. யாருடைய பிள்ளை, யாருடைய மனைவி, கையில் எந்தப் பாஸ்போர்ட் என்பதை வைத்துத்தான் எல்லாம்.

மகளும் மாப்பிள்ளையும் இன்னும் இந்தியப் பாஸ்போர்ட்டே வைத்திருந்தால் கவலையே இல்லை. எத்தனை வருஷம் வெளியே இருந்தாலும் அவர்கள் இந்தியப் பிரஜைகள்தான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்க வேண்டியதுதான்.

வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டால் கதை வேறு. அந்த நாளோடு இந்தியக் குடியுரிமை தானாகவே போய்விடுகிறது. நம் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஒப்புக்கொள்வதில்லை. பழைய இந்தியப் பாஸ்போர்ட்டைத் தூதரகத்தில் ஒப்படைத்து அதற்கான சான்றிதழ் வாங்க வேண்டும். "இன்னும் தேதி இருக்கே, இருக்கட்டும்" என்று அதையே வைத்துப் பயணம் செய்தால் அபராதம் கட்ட நேரிடும். பின்னால் விண்ணப்பம் எதைப் போட்டாலும் முதலில் கேட்பது இந்த ஒப்படைப்புச் சான்றைத்தான்.

ஓசிஐ அட்டை

இப்படிக் குடியுரிமை மாறியவர்களுக்கு இருக்கிற நல்ல வழி ஓசிஐ அட்டை. பெயரில் 'வெளிநாட்டு இந்தியக் குடிமகன்' என்று இருந்தாலும் உண்மையில் இது குடியுரிமை இல்லை. ஆயுள் பூராவும் செல்லுகிற விசா என்று நினைத்துக்கொள்ளுங்கள். 2006-ல் நடைமுறைக்கு வந்தது. முன்பு இருந்த பிஐஓ அட்டையை 2015 ஜனவரியில் இதோடு சேர்த்துவிட்டார்கள். இந்த அட்டை இருந்தால் எத்தனை தடவை வேண்டுமானாலும் வரலாம், எத்தனை வருஷம் வேண்டுமானாலும் தங்கலாம், போலீஸ் பதிவும் வேண்டியதில்லை. ஓட்டுப் போட முடியாது, தேர்தலில் நிற்க முடியாது, சர்க்கார் உத்தியோகமும் பொதுவாகக் கிடையாது. ஓய்வெடுக்க வருகிறவர்களுக்கு இதில் பெரிய நஷ்டம் ஒன்றும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

முன்பு இந்தியப் பிரஜையாக இருந்தவர்களும், அவர்களுடைய பிள்ளை, பேரன், பொதுவாகக் கொள்ளுப்பேரன் வரையிலும் இதைக் கேட்கலாம். பாகிஸ்தான், வங்கதேசக் குடியுரிமை வழி வந்தவர்களுக்குக் கிடையாது. மாப்பிள்ளை இந்திய வம்சமே இல்லாத வெள்ளைக்காரர் என்றால்? கல்யாணம் முறைப்படி பதிவாகி, இரண்டு வருஷம் தொடர்ந்து சேர்ந்து வாழ்ந்திருந்தால் மனைவி வழியில் அவரும் விண்ணப்பிக்கலாம். விவாகரத்து ஆனால் அந்த அட்டை ரத்தாகும் என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு வருஷம் நிறையாதவர்களுக்கு நுழைவு விசா என்று ஒன்று தருகிறார்கள். அதைக் காலாகாலத்தில் நீட்டித்துக்கொள்ள வேண்டும்.

கைக்குழந்தை வைத்திருக்கும் இளம் தாய்மார்கள் இதைக் கொஞ்சம் கவனியுங்கள். குழந்தைகளின் பாஸ்போர்ட் சில வருஷத்துக்கு ஒருமுறை மாறும். 20 வயது ஆகும் வரை, புதுப் பாஸ்போர்ட் வாங்கும் ஒவ்வொரு தடவையும் மூன்று மாதத்துக்குள் அதன் நகலையும் குழந்தையின் புதுப் படத்தையும் ஓசிஐ இணையதளத்தில் ஏற்ற வேண்டும். இதற்குக் கட்டணம் இல்லை. 20 வயதுக்கு மேல் முதல் பாஸ்போர்ட் வாங்கும்போது அட்டையையே ஒருமுறை புதிதாக்க வேண்டும். 50 வயது தாண்டிப் பாஸ்போர்ட் மாற்றினால் மறுபடியும் ஒருமுறை நகல் ஏற்றினால் போதும். 2021-க்கு முன்னால் இதில் பட்ட அலைச்சலுக்கு இப்போது எவ்வளவோ மேல்.

இந்திய வேரே இல்லாதவர்கள்

ஷெவராய் மலைக்கு வெளிநாட்டார் புதியவர்கள் அல்ல. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன்தான் இங்கே காப்பியைக் கொண்டுவந்தார். பின்னால் வந்த தோட்ட துரைமார்களின் பங்களாக்கள் இன்னும் நிற்கின்றன. இன்றைக்கு அப்படி ஒருவர், இந்தியச் சொந்தம் எதுவும் இல்லாமல், "எனக்கு ஏற்காடு பிடித்திருக்கிறது, இங்கேயே இருக்கிறேன்" என்றால் சட்டத்தில் இடம் இல்லை. அவருக்குக் கிடைப்பது சுற்றுலா விசா. ஐந்து வருஷ விசா என்று அச்சடித்திருந்தாலும் ஐந்து வருஷம் தங்கலாம் என்று அர்த்தம் இல்லை! விசா செல்லுகிற காலம் ஒன்று, ஒரு தடவை வந்தால் தங்கக்கூடிய நாள் கணக்கு வேறொன்று. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ஆரோவில்லில் சேர வருகிறவர்களுக்குத் தனி விசா இருக்கிறது. மலைக்காற்றுக்காக வருகிறவர்களுக்கு அப்படி எதுவும் இல்லை.

180 நாளுக்கு மேற்பட்ட விசாவில் வந்து நீண்ட நாள் தங்குகிறவர், வந்த 14 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். சென்னையில் இதற்குத் தனி அலுவலகம் உண்டு. மற்ற மாவட்டங்களில் போலீஸ் சூப்பரின்டெண்டெண்ட்தான் பதிவு அதிகாரி. விண்ணப்பம் எல்லாம் இப்போது இணையத்தில்தான். 2025 செப்டம்பரிலிருந்து பழைய நான்கு சட்டங்களுக்குப் பதிலாக ஒரே புதுச் சட்டம் அமலுக்கு வந்திருக்கிறது. அதன்படி விசா முடிந்தும் தங்கிவிட்டால் மூன்று வருஷம் வரை சிறை, மூன்று லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. அதே மாதிரி, வெளிநாட்டுக்காரரை வாடகைக்கோ ஹோம் ஸ்டேயிலோ தங்கவைக்கிறவர் 24 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும். மாடி போர்ஷனை விருந்தினருக்கு விடுகிற குடும்பத் தலைவிகள் மறந்துவிடாதீர்கள்.

காப்பித் தோட்டமா, வீடா?

விசா கையில் இருந்தாலே வீடு வாங்கலாம் என்று நினைக்கிறோம். அது தனிச் சட்டம், அந்நியச் செலாவணிச் சட்டம். வெளிநாட்டில் இருக்கும் இந்தியப் பிரஜையும் ஓசிஐ அட்டைக்காரரும் குடியிருக்க வீடு, மனை, கடை வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு மூன்றும் வாங்கக் கூடாது. ஏற்காட்டில் விற்பனைக்கு வருகிற அழகான இடங்களில் பாதி என்ன? காப்பித் தோட்டம்தானே!

புரோக்கர், "அக்கா, ரெண்டு ஏக்கர்தான், நடுவிலே ஜம்முனு பங்களா இருக்கு, இதைப் போய் தோட்டம்னு சொல்லுவாங்களா?" என்பார். அவர் வாயில் அது பங்களா. பட்டாவிலும் சிட்டாவிலும் என்ன வகை என்று எழுதியிருக்கிறதோ அதுதான் கணக்கு. அட்வான்ஸ் கொடுக்கும் முன் அந்தக் காகிதங்களை வக்கீலிடம் காட்டுங்கள். பணமும் பாங்கு வழியாகத்தான் வர வேண்டும். மகள் கொண்டுவந்த டாலர் நோட்டை அப்படியே நீட்டி வீடு வாங்க முடியாது. இந்திய வம்சம் இல்லாத மாப்பிள்ளை, கல்யாணம் பதிவாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தால், மனைவியோடு கூட்டாக ஒரே ஒரு வீடு வாங்கலாம்.

இதில் பெரியவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. தாத்தா காலத்துக் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் அப்பா, "எனக்கப்புறம் எதுக்கு இழுபறி" என்று வெளிநாட்டு மகள் பெயருக்கு உயிரோடு இருக்கும்போதே தான செட்டில்மென்ட் எழுதப் பார்ப்பார். தோட்ட நிலத்தை அப்படி அவளுக்குத் தானமாகக் கொடுக்க முடியாது. ஆனால் வாரிசாக அது அவளுக்கு வந்து சேரலாம். ஆகவே உயிலாக எழுதுவதுதான் வழி. உள்ளூரில் இருக்கிற அண்ணனுக்கு செட்டில்மென்ட், அமெரிக்காவில் இருக்கிற தங்கைக்கு உயில் என்று இரண்டு விதமாக எழுதினால் வீட்டில் மனஸ்தாபம் வராமலிருக்க, காரணத்தை இருவரையும் உட்காரவைத்துச் சொல்லிவிடுங்கள். அப்படி வந்த தோட்டத்தைப் பின்னால் அவள் விற்க நினைத்தால், இந்தியாவில் வசிக்கும் இந்தியப் பிரஜைக்குத்தான் விற்கலாம்.

வரிக் கணக்கு இன்னொரு தனிக் கதை. வருஷத்தில் 182 நாள் இந்தியாவில் இருந்தால் வருமான வரிக்கு நீங்கள் இங்கே வசிப்பவர். வெளிநாட்டுப் பென்ஷன் உள்ளவர்கள் வருவதற்கு முன்பே ஆடிட்டரைப் பார்ப்பது புத்திசாலித்தனம். மெடிக்கல் இன்ஷூரன்ஸும் அப்படியே. பெரிய ஆஸ்பத்திரிக்கு இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலம் போக வேண்டும். ஆஸ்துமா, மூட்டுவலி உள்ளவர்களுக்கு மழைக்காலக் குளிர் ஒத்துக்கொள்கிறதா என்று ஒரு சீசன் வாடகைக்கு இருந்து பார்த்த பிறகு வீடு வாங்கினால் நல்லது.

இனி, இங்கே அம்மா செய்யக்கூடிய வேலை ஒன்று. ஓசிஐ விண்ணப்பத்துக்குப் பிறப்புச் சான்றிதழ், பெற்றோரின் பழைய பாஸ்போர்ட், பள்ளிச் சான்றிதழ் எல்லாம் தேவைப்படும். அவை பெரும்பாலும் நம் வீட்டுப் பரண் மேல் தகரப் பெட்டியில்தான் கிடக்கும். எடுத்துத் தூசி தட்டி, பெயர்களை ஒப்பிட்டுப் பாருங்கள். நம் ஊரில் இனிஷியல் போட்டுத்தான் பழக்கம். பள்ளியில் ஒரே எழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக, கல்யாணத்துக்குப் பிறகு புருஷன் பெயர் என்று ஒரே பெண் மூன்று பெயரில் இருப்பாள். இங்கிலீஷில் ஓர் எழுத்து கூடக் குறைய இருந்தாலும் கேள்வி வரும். அதைச் சரிசெய்யக் கெஜட்டில் பெயர் மாற்றமோ பிரமாணப் பத்திரமோ கேட்பார்கள், மாதக்கணக்கில் இழுக்கும். மகள் டிக்கெட் போடுகிற வருஷத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல், இந்தப் பொங்கலுக்குப் பரண் சுத்தம் பண்ணும்போதே பெட்டியைத் திறந்துவிடுங்கள்.