தீயணைப்பு அதிகாரி ஓய்வு பெறுகிறார்... அரசு என்ன கொடுக்கும்? ஊர் என்ன கொடுக்கலாம்?

தமிழ்நாட்டில் அரசு ஊழியர்கள் பணி ஓய்வு பெறுவது பெரும்பாலும் மாதத்தின் கடைசி நாளில்தான். மாலை, சால்வை, குரூப் போட்டோ எல்லாம் எந்த ஆபீஸிலும் உண்டு. தீயணைப்பு நிலையத்தில் மட்டும் ஒரு சிக்கல். சால்வை போர்த்தும் நேரத்தில் போன் அடித்தால், கைதட்ட வந்தவர்கள் வண்டியில் ஏறிவிடுவார்கள்.

காரைக்குடி மாதிரி ஓர் ஊரில் நிலைய அலுவலராக இருந்து, 30 வருடத்துக்கு மேல் சர்வீஸ் முடித்து, 60 வயதில் வீட்டுக்குப் போகிறவருக்கு என்ன மரியாதை கிடைக்கும்?

அதற்கு முன், அவர் என்ன வேலை பார்த்தார்?

துறையின் முழுப் பெயர் 'தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை'. வைக்கோல் படப்பு எரிந்தாலும், கிணற்றில் மாடு விழுந்தாலும், வீட்டுக்குள் பாம்பு வந்தாலும், ஊருணியில் யாராவது மூழ்கினாலும் அழைப்பு அங்கேதான் போகும்.

செட்டிநாட்டில் இதற்கு மேல் ஒரு தலைவலி உண்டு. இங்கே பெரிய வீடுகளுக்கு முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். தூண், கதவு, உத்தரம் எல்லாம் பர்மா தேக்கு. உரிமையாளர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பதால் பல வீடுகள் பூட்டியே கிடக்கும். வண்டியை எந்தத் தெருவில் நிறுத்துவது, சாவி யாரிடம், பக்கத்து ஊருணியில் தண்ணீர் இருக்கிறதா? கூகுள் மேப் இதையெல்லாம் சொல்லாது. பல வருடம் அந்தத் தெருக்களில் வண்டியோடு போய் வந்தவருக்குத்தான் தெரியும்.

காரைக்குடி பக்கத்திலுள்ள குன்றக்குடி கோயில் யானை சுப்புலட்சுமியை இந்த வட்டாரம் இன்னும் மறக்கவில்லை. 2024 செப்டம்பரில், தங்கியிருந்த கொட்டகையில் பிடித்த தீயில் காயமடைந்து இறந்தது. ஒரு கொட்டகை எரிய எத்தனை நிமிடம் ஆகும் என்று யோசித்தால் தீயணைப்பு வேலையின் அவசரம் புரியும்.

சரி, பதக்கங்கள் என்னென்ன?

மத்திய அரசு குடியரசு தினத்துக்கும் சுதந்திர தினத்துக்கும் பதக்கப் பட்டியல் வெளியிடும். காவல், தீயணைப்பு, ஊர்க்காவல், சிறைத்துறை என்று தனித்தனியாக இருந்த 16 பதக்கங்கள், 2024 குடியரசு தினத்திலிருந்து நான்காகச் சுருக்கப்பட்டன. இரண்டு வீரதீரச் செயலுக்கு. மற்ற இரண்டு தகைசால் பணிக்கும், மெச்சத்தகுந்த பணிக்கும். நீண்ட சர்வீஸ் உள்ள அதிகாரிக்குப் பெரும்பாலும் வாய்ப்பு கடைசி இரண்டில்தான்.

மாநில அரசு தருவது வேறு. செப்டம்பர் 15 அண்ணா பிறந்தநாளையொட்டி முதலமைச்சரின் அண்ணா பதக்கம். பொங்கலுக்கு முதலமைச்சரின் தீயணைப்பு மற்றும் மீட்புப் பணித் துறை பதக்கம். பொங்கல் பதக்கம் முன்னணி தீயணைப்போர், ஓட்டிகள், தீயணைப்போர் ஆகியோருக்கானது. நிலைய அலுவலர் அதில் வரமாட்டார். 2021 பொங்கல் அறிவிப்பின்படி இதற்கான பதக்கப்படி மாதம் 400 ரூபாய். இரண்டு பேர் ஒரு செட்டிநாடு ஹோட்டலில் மதியம் சாப்பிட்டால் தீர்ந்துவிடும்.

பதக்கம் எதை எண்ணுவதில்லை?

2012 ஜனவரி 16 அதிகாலை, சென்னை எழிலக வளாகத்தில் உள்ள பழமையான கலச மஹாலில் தீ. உள்ளே போய் அணைத்துக்கொண்டிருந்தபோது கட்டடம் இடிந்து விழுந்ததில் முன்னணி தீயணைப்பு வீரர் ஒருவர் உயிரிழந்தார். கோட்ட அலுவலராக இருந்த பிரியா ரவிச்சந்திரன் பலத்த தீக்காயம் அடைந்தார். 2020 தீபாவளியன்று மதுரை விளக்குத்தூண் அருகே பழைய கட்டடத்தில் இயங்கிய ஜவுளிக்கடையில் தீ. சுவர் இடிந்து விழுந்து இரண்டு வீரர்கள் இறந்தார்கள்.

இரண்டும் பழைய கட்டடங்கள். செட்டிநாட்டில் தெருவுக்குத் தெரு இருப்பதும் அவைதான். மேலே மர உத்தரம் எரிந்துகொண்டிருக்கும்போது ஆளை உள்ளே அனுப்பலாமா, வெளியிலிருந்தே தண்ணீர் அடிக்கலாமா என்று நிலைய அலுவலர் சில நொடியில் சொல்லியாக வேண்டும். சரியாகச் சொன்னால் எல்லோரும் நிலையத்துக்குத் திரும்பி டீ குடிப்பார்கள். அது செய்தி ஆகாது. 30 வருடமும் அப்படியே திரும்பியிருந்தால், பதக்கப் பரிந்துரையில் எழுத அங்கே ஒரு 'சம்பவமே' இருக்காது. ஓய்வு பெறும் அதிகாரியைப் பாராட்ட இதைவிடப் பெரிய காரணம் வேறென்ன?

ஊர் என்ன செய்யலாம்?

அமெரிக்காவில் பல தீயணைப்புத் துறைகளில் கடைசி நாளன்று கட்டுப்பாட்டு அறை, வயர்லெஸில் அந்த அதிகாரியின் பெயரையும் பணிக்காலத்தையும் எல்லோரும் கேட்க வாசிக்கும். நம்மூரில் சால்வையோடு முடிந்துவிடுகிறது. அவர் தலையில் இருக்கும் ஊர் வரைபடமும் அவரோடு வீட்டுக்குப் போய்விடுகிறது.

அதை வாங்கி வைத்துக்கொள்வது பெரிய செலவு இல்லை. மாநகராட்சியோ நகரத்தார் சங்கமோ, ஓய்வுக்கு ஒரு மாதம் முன்பே அவரோடு தெருத் தெருவாக நடந்து, வண்டி நுழையாத சந்து, வற்றாத ஊருணி, பூட்டிய வீடுகளின் சாவி வைத்திருப்பவர் எண் என எழுதி நிலையத்தில் வைக்கலாம். பழைய வீட்டை ஹோட்டலாக மாற்றியவர்கள் தங்கள் கட்டடத்தை ஒருமுறை அவரிடம் சுற்றிக் காட்டலாம். ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம். ஓய்வு பெற்றவர்களைப் பள்ளிகளுக்கு அழைத்துப் பேசச் சொல்ல அதைவிட நல்ல சாக்கு கிடைக்காது. மேடையில் உட்கார வைத்துவிட்டு மற்றவர்கள் பேசிக்கொண்டே போகாமல், மைக்கை அவரிடம் கொடுத்தால் சரி.